பல் பட்டது, ரத்தம் வரவில்லை: ஊசி வேண்டுமா?

வியாசர்பாடியிலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார்: "எட்டு வயது மகன் நேற்று மாலை தெருவில் நாய்க்குட்டியோடு விளையாடிக்கொண்டிருந்தான். கணுக்காலுக்கு மேலே பல் பட்டிருக்கிறது. சிவப்பாக இரண்டு கோடு, அவ்வளவுதான். ரத்தம் வரவில்லை. மாமியார் மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பூசிவிட்டார். பிறந்ததிலிருந்து எங்கள் தெருவிலேயே வளர்கிற குட்டி, அதற்கு ஒன்றும் இருக்காது, பத்து நாள் குட்டியைப் பார்த்துவிட்டு ஊசி போட்டுக்கொள்ளலாம் என்கிறார்கள். அப்படிச் செய்யலாமா? ரேபிஸ் எப்படித்தான் பரவுகிறது?"

பத்து நாள் காத்திருக்கக் கூடாது, அம்மா. இன்றே அழைத்துப் போங்கள். அடுத்த பத்தியை மட்டும் படித்துவிட்டுக் கிளம்புங்கள். மீதியை மருத்துவமனை வரிசையில் உட்கார்ந்து படித்துக்கொள்ளலாம்.

முதலில் அந்த மஞ்சள் சுண்ணாம்பைக் கழுவுங்கள். குழாயைத் திறந்துவிட்டு, ஓடுகிற தண்ணீரில், சாதாரணக் குளியல் சோப்பு போட்டு, 15 நிமிடம் கழுவ வேண்டும். கடிகாரத்தைப் பார்த்து 15 நிமிடம். நம் வீடுகளில் இரண்டு நிமிடம் கழுவியதுமே கை குழாயை மூடப் போய்விடும். தண்ணீர் வராத நேரமென்றால் குடத்திலிருந்து சொம்பு சொம்பாக ஊற்றுங்கள். நேற்றே செய்திருக்க வேண்டியது என்றாலும் இன்று செய்வதிலும் பலன் உண்டு. ரேபிஸ் கிருமியின் மேலே கொழுப்பால் ஆன ஓர் உறை இருக்கிறது. எண்ணெய்ப் பாத்திரத்தில் சோப்பு என்ன வேலை செய்கிறதோ அதே வேலையை அந்த உறையிலும் செய்கிறது. உறை கரைந்தால் கிருமி செத்தது. கழுவிய பிறகு பொவிடோன் அயோடின் மருந்து இருந்தால் தடவலாம். கட்டுப் போடாதீர்கள். இப்போது கிளம்புங்கள்.

சென்னையில் ஓர் அரசு மருத்துவமனையின் ஊசி அறையில் 26 ஆண்டுகள் செவிலியராக இருந்தேன். நாய்க்கடி என்று வந்தவர்களில் பெரிய காயத்தோடு வந்தவர்களைப் பற்றி எனக்குக் கவலை இருந்ததே இல்லை. தொடை கிழிந்தவர் தானாக ஓடி வந்துவிடுவார். நான் பயந்ததெல்லாம் வராமல் போனவர்களுக்காகத்தான். குட்டிதானே, கீறல்தானே, நம் வீட்டு நாய்தானே என்று இருந்துவிட்டவர்கள். காயத்தின் அளவை வைத்து ஆபத்தை அளக்கிற பழக்கம் பாம்புக்கடியில் இல்லை. இரண்டு புள்ளி தெரிந்தாலே தூக்கிக்கொண்டு ஓடுகிறோம். நாய்க்கடியில் மட்டும் ரத்தம் வந்ததா, எத்தனை தையல் என்று பார்க்கிறோம்.

இனி, எப்படிப் பரவுகிறது என்று கேட்டீர்களே, அதற்கு வருகிறேன்.

ரேபிஸ் வந்த விலங்கின் எச்சிலில் கிருமி இருக்கிறது. கடிக்கும்போதும், எச்சில் பட்ட நகத்தால் பிராண்டும்போதும், தோல் விட்ட இடத்தையோ கண், உதடு, வாய் போன்ற ஈரமான இடங்களையோ நக்கும்போதும் அது உள்ளே போகிறது. போனதும் ரத்தத்தில் கலந்து ஓடுவதில்லை. அதனால்தான் ஊசி வேண்டுமா என்று முடிவு செய்ய, ரத்தம் வந்ததா இல்லையா என்பது முக்கியமான கேள்வியே இல்லை. கடிபட்ட தசையில் சில காலம் தங்கிப் பெருகி, அங்குள்ள நரம்பு நுனியைப் பற்றிக்கொண்டு, நரம்பு வழியாக மூளையை நோக்கி மெல்ல மெல்ல ஏறுகிறது. பெரும்பாலோருக்கு ஒன்றிலிருந்து மூன்று மாதம் ஆகிறது. ஒரு வாரத்திலும் வந்ததுண்டு, ஓராண்டு கழித்தும் வந்ததுண்டு. முகம், கழுத்து, விரல் நுனி என்று மூளைக்குப் பக்கமாகவோ நரம்பு நெருக்கமாகவோ இருக்கிற இடத்தில் கடித்தால் பயணம் குறுகிவிடும். குழந்தைகளின் உயரத்துக்கு நாயின் வாய் நேராக முகத்துக்கு வருகிறது என்பதை நினைத்துப் பாருங்கள்.

மூளைக்குப் போய்ச் சேருகிற வரை உடம்புக்கு ஒன்றும் தெரியாது. காய்ச்சல் இல்லை, வலி இல்லை, காயம்கூட ஆறித் தழும்பாகியிருக்கும். அந்த நாட்கள் முழுவதும் நம் கையில் இருக்கிற நாட்கள். அறிகுறி தொடங்கிய பிறகு மருத்துவம் செய்து காப்பாற்ற முடிவதில்லை. உலகம் முழுவதிலும் பிழைத்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். 2004-இல் அமெரிக்காவில் ஒரு பெண்ணை ஆழ்ந்த மயக்கத்தில் வைத்துக் காப்பாற்றினார்கள். அதே முறையைப் பிறகு பலருக்குச் செய்து பார்த்தும் பெரும்பாலும் பலன் கிடைக்கவில்லை.

அறிகுறி எப்படி இருக்கும் என்பதை ஒரு பையனை வைத்துத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. பத்து வயது இருக்கும். வாந்தி, காய்ச்சல், இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை என்று அழைத்து வந்தார்கள். அவசரப் பிரிவில் படுக்க வைத்ததும் அவன் முதலில் சொன்னது, "அந்தக் காற்றாடியை நிறுத்துங்கள்" என்பதுதான். மே மாதம். அறையில் எல்லோருக்கும் வியர்த்து ஒழுகுகிறது, அவன் மட்டும் முகத்தில் காற்று படும்போதெல்லாம் கழுத்தை இழுத்துக்கொள்கிறான். அவன் அம்மா இளநீர் வாங்கி வந்திருந்தார். பையனுக்கு நல்ல தாகம். கையை நீட்டி வாங்கினான், உதடு வரை கொண்டுபோனான், தொண்டை இறுகி உடம்பே தூக்கிப்போட்டது. இளநீர் படுக்கையில் கொட்டியது. அந்த அம்மா துடைத்துவிட்டு, "கொஞ்சமாகக் குடி கண்ணா" என்று மறுபடியும் நீட்டினார். பணியில் இருந்த மருத்துவர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். நாய் கடித்ததா என்று கேட்டால் இல்லவே இல்லை என்கிறார்கள் தாயும் தகப்பனும். சுவரோரம் நின்ற தங்கைதான் சொன்னாள். பொங்கல் விடுமுறையில் குட்டி ஒன்று கையைக் கடித்தது, அண்ணன் சொல்லக் கூடாது என்றான், சொன்னால் அப்பா அடிப்பார் என்றான். மூன்றாம் நாள் விடியற்காலையில் பையன் போய்விட்டான்.

தண்ணீரைக் கண்டு பயப்படுவது என்று நாம் சொல்வது இதைத்தான். மனதில் வருகிற பயம் மட்டும் இல்லை, விழுங்கும் தசைகளும் மூச்சுத் தசைகளும் இறுகிக்கொள்கிற வேதனை. காற்று பட்டாலும் அதே இறுக்கம் வரும். எல்லோருக்கும் இப்படி வெறி பிடித்தது போலவே வராது. ஐந்தில் ஒருவருக்கு ஆர்ப்பாட்டமே இல்லாமல் கை கால் செயலிழந்துகொண்டே போகும். அதை வேறு ஏதோ வாதம் என்று நினைத்துவிடுவதும் உண்டு.

ஆகவே, பையனைத் திட்டாதீர்கள். நேற்று அவன் வந்து சொன்னானே, அதற்காக அவனைக் கட்டிக்கொள்ளுங்கள். மாமியாரிடமும் சண்டை வேண்டாம். அவர்கள் காலத்தில் கைக்கு எட்டியது மஞ்சளும் சுண்ணாம்பும் நாயுருவி இலையும்தான். மிளகாய்ப் பொடி, காப்பித்தூள் அப்பிக்கொண்டு வந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். இவை எதுவும் கிருமியைக் கொல்லாது. காரமும் எரிச்சலும் காயத்தை இன்னும் ரணமாக்கும், கழுவுவதற்கும் இடைஞ்சல்.

அடுத்தது, அந்தப் பத்து நாள் கணக்கு. இதில் பாதி உண்மை இருக்கிறது, அதனால்தான் இது இவ்வளவு காலம் உயிரோடிருக்கிறது. நாயின் உடலிலும் கிருமி மூளைக்குப் போய், அங்கிருந்துதான் எச்சில் சுரப்பிக்கு இறங்குகிறது. எச்சிலில் கிருமி வந்துவிட்ட நாய் பத்து நாட்களுக்குள் நோய் காட்டிச் செத்துவிடும். எனவே கடித்த நாய் பத்து நாள் கழித்தும் நன்றாகத் தின்று ஓடியாடிக்கொண்டிருந்தால், கடித்த அன்று அதன் எச்சிலில் கிருமி இல்லை என்று பொருள். இந்தக் கணக்கு நாய்க்கும் பூனைக்கும் மட்டும்தான், குரங்குக்கும் கீரிக்கும் நரிக்கும் செல்லாது. ஆனால் இது ஊசியைத் தொடங்குவதற்கான கணக்கு இல்லை. ஊசியை இன்றே தொடங்கிவிட்டு, நாயையும் பக்கத்தில் கவனித்து வருவது. பத்தாம் நாள் நாய் நன்றாக இருந்தால் மீதி ஊசியைப் பற்றி மருத்துவர் முடிவு சொல்வார். ஊசியை நிறுத்தி வைத்துக்கொண்டு நாயைப் பார்ப்பவர்கள், பத்தாம் நாள் அது செத்தால், பத்து நாளைத் தொலைத்தவர்கள். சென்னைத் தெருவில் ஒரு நாயைப் பத்து நாள் தொடர்ந்து பார்ப்பதும் நடக்கிற காரியமா? கறுப்பு வெள்ளையில் ஒரே மாதிரி நான்கு இருக்கும். ஐந்தாம் நாள் ஒன்று காணாமல் போகும். அதுதான் கடித்ததா என்று யாருக்கும் தெரியாது.

குட்டிக்கு நோய் இருக்காது என்பதையும் விட்டுவிடுங்கள். தாயிடமிருந்தோ வேறு நாயிடமிருந்தோ கடிபட்ட குட்டிக்கும் ரேபிஸ் வரும். கடித்தது குட்டி என்று தெரிந்தால் நாங்கள் கூடுதலாகத்தான் கவனிப்போம், ஏனென்றால் குட்டி கடித்ததை யாரும் ஒரு கடியாகவே எண்ணுவதில்லை.

மருத்துவமனையில் காயத்தை மூன்று வகையாகப் பிரிப்பார்கள். முழுத் தோலின் மேல் நக்கியது, தொட்டது, சோறு ஊட்டியது முதல் வகை. கழுவினால் போதும், ஊசி வேண்டாம். தோலைக் கவ்வியது, ரத்தம் வராத சிறு கீறல் இரண்டாம் வகை. தடுப்பூசி கட்டாயம். தோலைத் துளைத்த கடி, ரத்தம் வந்த பிராண்டல், ஏற்கெனவே இருந்த புண்ணிலோ கண் வாயிலோ எச்சில் பட்டது மூன்றாம் வகை. இதற்குத் தடுப்பூசியோடு இம்யூனோகுளோபுலின் என்ற மருந்தும் வேண்டும். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் உங்கள் மகனுடையது இரண்டாம் வகை போலத் தெரிகிறது. ஆனால் வெளிச்சத்தில் வைத்து மருத்துவர் பார்த்துத்தான் அதை முடிவு செய்ய வேண்டும். எங்கள் அறையில் சந்தேகமான கீறலின் மேல் ஸ்பிரிட் நனைத்த பஞ்சை ஒற்றுவோம். குழந்தை "ஸ்ஸ்" என்று காலை இழுத்தால் கண்ணுக்குத் தெரியாமல் தோல் விட்டிருக்கிறது. இழுக்காவிட்டாலும் அதை வைத்து ஊசி வேண்டாம் என்று யாரையும் திருப்பி அனுப்பியதில்லை.

இந்த இம்யூனோகுளோபுலினைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் சரியாகப் போடாமல் விடப்படுவது பெரும்பாலும் இதுதான். தடுப்பூசி போட்ட உடனே உடம்பில் எதிர்ப்புச் சக்தி வந்துவிடாது. ஒன்றிரண்டு வாரம் பிடிக்கும். அதற்குள் காயத்தில் இருக்கிற கிருமி நரம்பில் ஏறிவிட்டால் என்ன செய்வது? அந்த இடைவெளியை நிரப்பத்தான் தயார்நிலையில் இருக்கிற எதிர்ப்புப் புரதத்தைக் காயத்துக்குள்ளேயே ஏற்றுகிறோம். குதிரையிலிருந்து எடுப்பது கிலோவுக்கு 40 யூனிட், மனிதரிடமிருந்து எடுப்பது கிலோவுக்கு 20 யூனிட். 25 கிலோ குழந்தைக்குக் குதிரை மருந்து 1,000 யூனிட் என்று கணக்கு. இப்போது ஆய்வகத்தில் தயாரிக்கிற மோனோகுளோனல் மருந்துகளும் வந்திருக்கின்றன. எதுவானாலும் போட வேண்டிய இடம் காயம்தான். பல் இறங்கிய ஒவ்வொரு துளையின் உள்ளும், ஓரத்தைச் சுற்றியும், ஊசியைக் குத்திக் குத்தி நிரப்ப வேண்டும். வலிக்கும். அதிலும் விரல் நுனியில் கடித்திருந்தால் மருந்து இறங்க இடமே இருக்காது, தோல் வெளுத்துத் திரளும், குழந்தை அலறும். "சிஸ்டர், இடுப்பில் போட்டுவிடக் கூடாதா?" என்று கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சிய தகப்பன்மார் எத்தனையோ பேர். இடுப்பில் போட்டால் காயத்திலிருக்கும் கிருமியை யார் பிடிப்பது? குழந்தையின் கையை நீங்களே இறுகப் பிடித்துக்கொள்ளுங்கள், ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும் என்றுதான் சொல்வேன். உங்கள் மகனுக்கு இது வேண்டியிருந்தால் நீங்களும் அப்படிப் பிடித்துக்கொள்ளுங்கள். முதல் தடுப்பூசி போட்ட ஏழு நாட்களுக்குப் பிறகு இதைப் போடுவதில் பயனில்லை.

ஒரு முறை நடுத்தர வயதுக்காரர் ஒருவர் கெண்டைக்காலில் நான்கு தையலோடு வந்தார். வீட்டுக்குப் பக்கத்திலிருந்த கிளினிக்கில் அழகாகத் தைத்து, டி.டி. ஊசி போட்டு, "நாய்க்கடி ஊசி போட்டாகிவிட்டது" என்று அனுப்பிவிட்டார்கள். டி.டி. என்பது ரணஜன்னி என்கிற டெட்டனஸுக்கான ஊசி. அதற்கும் ரேபிஸுக்கும் சம்பந்தமே இல்லை. நாய் கடித்த காயத்தைத் தைப்பதும் தவறு. கிருமியை நரம்புக்குள் தள்ளிவிடுவது போல் ஆகும். தைத்தே ஆக வேண்டிய பெரிய காயமென்றால் இம்யூனோகுளோபுலின் போட்டு, நேரம் விட்டு, தளர்வாகத் தைப்பார்கள். அவரிடம் இருந்த சீட்டை இரண்டு முறை படித்தும் ரேபிஸ் ஊசியின் பெயர் அதில் இல்லை. மனைவிதான் சந்தேகப்பட்டு அழைத்து வந்திருந்தார். அந்த அம்மாளின் சந்தேகத்தால் அவர் பிழைத்தார். எனவே எங்கே ஊசி போட்டாலும் சீட்டில் என்ன மருந்து எழுதியிருக்கிறது என்று கேளுங்கள். கேட்பதில் வெட்கமே வேண்டாம்.

தடுப்பூசிக்கு வருவோம். அரசு மருத்துவமனைகளில் தோலுக்குள் போடும் முறைதான் வழக்கம். இரண்டு தோள்களிலும் 0.1 மி.லி. வீதம், முதல் நாள், அன்றிலிருந்து 3, 7, 28 நாட்கள் கழித்து. போட்ட இடத்தில் பெரிய கொசு கடித்தது போல ஒரு தடிப்பு எழும்பும். அப்படி எழும்பினால்தான் சரியாகப் போட்டதாக அர்த்தம். "இவ்வளவு கொஞ்சமாகப் போட்டால் எப்படிப் போதும், வெளியில் ஒரு குப்பி முழுக்கப் போடுகிறார்களே" என்று சிலர் சண்டைக்கே வருவார்கள். வெளியில் தசையில் போடுகிறார்கள், அதற்கு ஐந்து ஊசி, முழு அளவு. தோலுக்கு அடியில் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் செல்கள் நெருக்கமாக இருப்பதால் அங்கே கொஞ்சம் போதும். இரண்டு முறையும் சமமாகக் காக்கும். பிட்டத்தில் மட்டும் போடக் கூடாது. அங்குள்ள கொழுப்பில் மருந்து சரியாக வேலை செய்யாது.

நாட்களை நினைவு வைக்க ஒரு சுலபமான வழி உண்டு. முதல் ஊசி திங்கட்கிழமை என்றால் அடுத்தது வியாழன், அதற்கடுத்தது வருகிற திங்கள், கடைசியானது அதிலிருந்து மூன்று வாரம் கழித்து வரும் திங்கள். எல்லோரும் தவறவிடுவது அந்தக் கடைசித் திங்களைத்தான். காயம் ஆறிவிட்டிருக்கும், பள்ளிக்கூடம், வேலை, ஊருக்குப் போனது என்று மறந்துவிடும். ஒரு நாள் தவறினால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. விட்ட இடத்திலிருந்து தொடரலாம். விடாமல் போங்கள், அவ்வளவுதான்.

இந்த ஊசிக்குப் பத்தியம் கிடையாது. கத்தரிக்காய், கருவாடு, கோழி, எண்ணெய்க் குளியல் எதையும் நிறுத்த வேண்டியதில்லை. கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் போட்டுக்கொள்ளலாம், போட்டுக்கொள்ள வேண்டும். மலேரியாவுக்கோ மூட்டு வாதத்துக்கோ குளோரோகுயின் சாப்பிடுபவர்கள், ஸ்டீராய்டு எடுப்பவர்கள், புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்கள் அதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும், ஊசி முறை மாறும். முன்பே முழுமையாகப் போட்டுக்கொண்டவரை மறுபடி நாய் கடித்தால் முதல் நாளும் மூன்று நாள் கழித்துமாக இரண்டு தவணை போதும், இம்யூனோகுளோபுலின் வேண்டாம். ஊசி போட்ட அட்டையைப் பத்திரமாக வைத்திருப்பது இதற்காகவும்தான்.

தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்ற பயத்தில் இன்றும் வராதவர்கள் இருக்கிறார்கள். அந்த ஊசி ஆட்டு மூளையிலிருந்து செய்தது. 2004-ஆம் ஆண்டோடு இந்தியாவில் அதை நிறுத்திவிட்டார்கள். அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. 1885 ஜூலை 6 அன்று பாரிஸில் லூயி பாஸ்டர் ஒன்பது வயதுப் பையன் ஒருவனுக்கு முதன்முதலாக ஊசி போட்டுக் காப்பாற்றினார். அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் நம் பக்கத்தில் கடிபட்டவர்களுக்குப் போக்கிடம் இல்லை. 1900-இல் கசௌலியில் முதல் நிலையம் வந்தது. மதராஸிலிருந்து இமயமலை அடிவாரத்துக்கு ரயிலேற வேண்டும். 1902-இல் இளம் ஆங்கிலப் பெண் ஒருவர் வெறிநாய் கடித்து இறந்த பிறகு, ஹென்றி ஃபிப்ஸ் என்ற அமெரிக்கர் கொடுத்த நன்கொடையின் உதவியோடு 1907-இல் குன்னூரில் பாஸ்டர் நிலையம் திறந்தார்கள். வயிற்றில் பதினான்கு ஊசியென்றாலும் அதனால் பிழைத்தவர்கள் ஏராளம். இப்போது தோளில் நான்கு நாள், கொசு கடித்த அளவு தடிப்பு. அதற்கும் வராமல் இருந்தால் எப்படி?

வராமல்தான் இருக்கிறார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் அண்மைக் கணக்கெடுப்பில் ஆண்டுக்குச் சுமார் 5,700 பேர் ரேபிஸால் இறப்பதாகத் தெரிகிறது. விலங்கு கடித்தவர்களில் ஐந்தில் ஒருவர் ஊசி போட்டுக்கொள்ளவே இல்லை. தமிழ்நாட்டில் 2024-இல் மட்டும் 4.8 லட்சம் நாய்க்கடிகள் பதிவாயின, 43 பேர் இறந்தார்கள். ஊசி இலவசம். அரசு மருத்துவமனைகளிலும் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் கிடைக்கிறது. 43 என்ற எண் செய்தித்தாளில் ஒரு மூலையில் வரும். அந்த இளநீர்க் கூட்டை நான் கையில் எடுத்துப் போட்டவள், எனக்கு அது சிறிய எண்ணாகத் தோன்றவில்லை.

வேறு எதிலிருந்தெல்லாம் வரும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மனிதருக்கு வருவதில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது நாயிடமிருந்துதான். பூனை, குரங்கு, கீரி, நரி, நோய் வந்த ஆடுமாடு ஆகியவற்றாலும் வரலாம். வீட்டு எலி, அணில் கடித்தால் பொதுவாக ரேபிஸ் ஊசி தேவைப்படாது, ஆனாலும் கழுவிவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள். பல்லி, பறவை, கொசு மூலம் வராது. நோயாளியைத் தொட்டதாலோ பக்கத்தில் உட்கார்ந்ததாலோ வராது, அவர் எச்சில் கண்ணிலோ புண்ணிலோ பட்டால் மட்டும் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். இதைச் சொல்வதற்குக் காரணம், கடைசி நேரத்தில் அந்த நோயாளிகளைச் சொந்தக்காரர்களே கதவோரம் நின்று பார்த்ததைக் கண்டிருக்கிறேன். கையைப் பிடித்துக்கொள்ளலாம், அதனால் ஒன்றும் ஆகாது.

நாய்களை என்ன செய்வது என்ற கேள்வி இப்போது சென்னையில் வீட்டுக்கு வீடு சண்டையாகிவிட்டது. 2023 நவம்பரில் ராயபுரத்தில் ஒரே நாய் சில மணி நேரத்தில் இருபதுக்கும் மேற்பட்டவர்களைக் கடித்தது. அடித்துக் கொல்லப்பட்ட அந்த நாயைப் பரிசோதித்தபோது ரேபிஸ் உறுதியானது. அதைப் படித்தபோது எனக்கும் கோபம் வந்தது. ஆனாலும், கொல்வதால் தீராது என்பதை இந்த ஊர் அனுபவித்தே அறிந்திருக்கிறது. மதராஸ் மாநகராட்சி நூறு ஆண்டுகளுக்கும் மேலாக நாய்களைப் பிடித்துக் கொன்றது, நாயும் குறையவில்லை, நோயும் தீரவில்லை. ஒரு தெருவைக் காலி செய்தால் குப்பைத்தொட்டியும் மீன் கழிவும் இருக்கிற வரை அடுத்த தெரு நாய் வந்து உட்கார்ந்துகொள்ளும், அதற்கு ஊசி போட்டிருக்காது. 1996-இல் கருத்தடைக்கும் தடுப்பூசிக்கும் மாறினார்கள். ஒரு பகுதியில் பத்தில் ஏழு நாய்களுக்குத் தடுப்பூசி போட்டுவிட்டால் நோய் ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவ வழியில்லாமல் அடங்கிவிடும். புளியந்தோப்பு, கண்ணம்மாபேட்டை, லாயிட்ஸ் காலனி கருத்தடை மையங்கள் வேலை செய்தாலும், 2024 கணக்கெடுப்பில் நகரத்தில் சுமார் 1.8 லட்சம் தெருநாய்கள் இருந்தன, அவற்றில் கருத்தடை செய்தவை நான்கில் ஒன்றுக்குச் சற்றே அதிகம். 2025 ஆகஸ்டில் தெருநாய்களுக்கு ஒட்டுமொத்தமாகத் தடுப்பூசி போடத் தொடங்கினார்கள். அது ஒரு முறையோடு நிற்காமல் ஆண்டுதோறும் நடக்க வேண்டும். என் கருத்தில், நாயை விரும்புகிறவர்களும் வெறுக்கிறவர்களும் ஒன்றாக நின்று கேட்க வேண்டியது இந்த ஒன்றைத்தான்.

கடைசியாக, உங்கள் தெருக் குட்டி. பையனை இப்போதைக்கு அதனிடம் விட வேண்டாம். நீங்கள் தள்ளி நின்று, தினமும் ஒரே நேரத்தில் பாருங்கள். தின்கிறதா, குரைப்பு மாறியிருக்கிறதா, எச்சில் ஒழுகுகிறதா, காரணமில்லாமல் எதையாவது கவ்வுகிறதா, தாடை தொங்கி மூலையில் ஒடுங்கிக் கிடக்கிறதா என்று. இவற்றில் ஒன்று தெரிந்தாலும், செத்தாலும், காணாமல் போனாலும் ஊசி அறையில் அன்றே சொல்லுங்கள். நோயுள்ளதாகத் தோன்றினாலோ செத்துக் கிடந்தாலோ வெறுங்கையால் தொடாமல், மாநகராட்சியின் 1913 எண்ணுக்குக் கூப்பிடுங்கள். நன்றாக இருந்தால், குட்டிக்கு மூன்று மாதம் ஆனதும் தடுப்பூசி போட வேண்டும், அதன் தாய்க்கும் சேர்த்து. அதற்கும் 1913-தான், அல்லது வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. ஒரு மாதத்தில் இன்னொரு தவணை, பிறகு ஆண்டுக்கு ஒன்று. தெருப் பிள்ளைகள் அதற்கு இந்நேரம் ஒரு பெயர் வைத்திருப்பார்கள். அந்தப் பெயரையும் ஊசி போட்ட தேதியையும் உங்கள் மகனின் அட்டையின் பின்பக்கத்திலேயே எழுதி வையுங்கள்.